இருபது டன் மௌனம்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பழைய பியானோ விஷயத்தில் இந்தப் பழமொழியை நம்பியவர்கள் வீட்டில், கால் டன் எடையில் ஓர் அலமாரி கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் குடும்பப் படங்கள் இருக்கும். உள்ளே எலி இருக்கும். சங்கீதம் மட்டும் இருக்காது.

பெரம்பூரிலோ பரங்கிமலையிலோ ஒரு பழைய ஆங்கிலோ இந்திய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் எல்லோரும் ஆஸ்திரேலியாவில். கூடத்தில் பாட்டி வாசித்த பியானோ. சுவரை ஒட்டி நிற்கும் அப்ரைட் வகை. “எடுத்துட்டுப் போறதா இருந்தா சும்மாவே எடுத்துக்கோங்க” என்கிறார்கள். மூடியைத் திறந்தால் மஞ்சள் படிந்த கட்டைகள், வெள்ளை 52, கறுப்பு 36. ஒன்றை அழுத்துகிறீர்கள். ஸ்வரம் வருகிறது, கொஞ்சம் அழுகலாக. ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. வாங்கலாமா?

இதற்குப் பதில் சொல்ல சங்கீத ஞானம் அவ்வளவாக உதவாது. கொஞ்சம் பௌதிகமும், ஒரு தச்சரின் கண்ணும் வேண்டும்.

ஏன் இவ்வளவு மலிவு?

வானொலியும் கிராமபோனும் வீடுகளைப் பிடிப்பதற்கு முன் பாட்டுக் கேட்க ஒரே வழி, வீட்டில் யாராவது வாசிப்பதுதான். அதனால் நூறாண்டுகளுக்கு முன் பியானோ இன்றைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போல விற்றது. 1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 3,64,000 பியானோக்கள் தயாராயின. இங்கிலாந்தும் ஜெர்மனியும் தங்கள் பங்குக்குச் செய்து கப்பலில் ஏற்றி உலகெங்கும் அனுப்பின. சென்னை மவுண்ட் ரோட்டில் இன்றும் இருக்கும் மியூஸி மியூசிக்கல் கடை, 1842-இல் மிஸ்கித் என்ற பெயரில் தொடங்கியது. ரயில்வே காலனிகள், மலைவாசஸ்தலப் பங்களாக்கள், கோலார் தங்கவயல் வீடுகள், மாதாகோவில் பள்ளிகள் என்று பியானோ போகாத இடமில்லை.

அவற்றில் பல இன்னும் இருக்கின்றன. அங்கேதான் சிக்கல். பழுதான கார் ஓடாது, பழுதான வானொலி பேசாது. பழுதான பியானோ பார்வைக்கு அப்படியே இருக்கும். கட்டையைத் தட்டினால் ஏதோ ஒரு சத்தமும் வரும். யானை இறந்தாலும் ஆயிரம் பொன். பியானோ இறந்தால் அப்புறப்படுத்தும் கூலியை நாம்தான் கொடுக்க வேண்டும்.

பெட்டிக்குள் நடக்கும் இழுபறி

கட்டைகளுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் ஒரு பலகை இருக்கும். பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங் பட்டையை அழுத்தினால் கழன்று வந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். பொன்வண்ணம் பூசிய பெரிய வார்ப்பிரும்புச் சட்டமும், அதன் மேல் சரம் சரமாகக் கம்பிகளும் தெரியும்.

மொத்தம் ஏறக்குறைய 230 கம்பிகள். மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று, கீழே வரவர இரண்டு, அடியில் ஒன்று. ஒவ்வொன்றும் சராசரியாக ஓர் ஆளின் எடையளவு, சுமார் 80 கிலோ விசையில் இழுபட்டு நிற்கிறது. கூட்டினால் 18 முதல் 20 டன். சரக்கேற்றிய லாரி ஒன்றை அந்தப் பெட்டிக்குள் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். யாரும் வாசிக்காமல் இருக்கும்போது பியானோ ஓய்வெடுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். நள்ளிரவிலும், வீடு பூட்டிக் கிடந்த பத்து வருஷத்திலும் அந்த இழுப்பு ஒரு நொடிகூட விடவில்லை.

இத்தனை இழுப்பு எதற்கு? ஒரு கம்பியின் ஸ்வரத்தை அதன் நீளம், கனம், இழுவிசை என்ற மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பிரான்ஸ் நாட்டு மெர்சென் 1636-இலேயே இதை நூலாக எழுதிவிட்டார். சத்தம் பெரிதாக வேண்டுமானால் கனமான கம்பி வேண்டும். கனமான கம்பியை உயர்ந்த ஸ்வரத்துக்குக் கொண்டுவரக் கடுமையாக இழுக்க வேண்டும்.

இத்தாலியில் மெடிசி குடும்பத்திடம் வேலை பார்த்த கிறிஸ்டோஃபோரி, 1700 வாக்கில் முதல் பியானோவைச் செய்தபோது கம்பிகள் மெல்லியவை, மரச்சட்டமே தாங்கியது. அவர் செய்தவற்றில் மூன்று இன்றும் நியூயார்க், ரோம், லைப்சிக் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பிறகு அரங்குகள் பெரிதாயின, கம்பிகள் தடித்தன, மரம் வளைந்தது. பாஸ்டன் நகரத்து ஆல்ஃபியஸ் பாப்காக் 1825-இல் ஒரே வார்ப்பில் இரும்புச் சட்டம் செய்யக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் பியானோ இன்றைய குரலுக்கு வந்து சேர்ந்தது.

கீழ் ஸ்வரங்களில் இன்னொரு தந்திரம் இருக்கிறது. நடுவிலுள்ள ஆறு கட்டை ஸ்வரம், அதாவது நொடிக்கு 440 அதிர்வு தரும் கம்பி, சுமார் 40 செ.மீ. நீளம். ஸ்தாயி ஒன்று இறங்கினால் அதே கம்பி இரட்டிப்பு நீளம் வேண்டும். நான்கு ஸ்தாயி இறங்கிக் கடைசிக் கட்டைக்கு வந்தால் 6.4 மீட்டர் ஆகிவிடும். பியானோ வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கும். அதனால் எஃகுக் கம்பியின் மேல் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் கனமாக்குகிறார்கள். கனம் கூடும், விறைப்பு அதிகம் கூடாது. பழைய பியானோவில் இந்தச் சுருள்களுக்குள் அழுக்கும் களிம்பும் ஏறியிருக்கும். அடிக்கட்டையைத் தட்டினால் கோவில் மணிபோல நீள வேண்டிய நாதம், தகர டப்பாவைத் தட்டியதுபோல ‘தொப்’பென்று அடங்கினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஒரு டிகிரி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மாட்டின் வயதைப் பல்லில் பார்ப்பார்கள். பியானோவில் பார்க்க வேண்டியது ஈறு.

வீணையில் தந்தியை முறுக்கும் பிரடை என்ன செய்கிறது? மரத்துளைக்குள் மரமுளை, உராய்வு ஒன்றுதான் அதைப் பிடித்து வைக்கிறது. பியானோவிலும் அதேதான். 7 மி.மீ. தடிமனுள்ள எஃகுப் பிரடைகள் 230, ஒரு கனத்த பலகைக்குள் அடித்து இறக்கப்பட்டிருக்கும். மேப்பிள் அல்லது பீச் மரத் தகடுகளை ரேகை மாற்றி மாற்றி ஒட்டிச் செய்த பலகை அது. பிரடையில் மெல்லிய மரை வெட்டியிருந்தாலும் பின்னால் நட்டு கிடையாது, பூட்டு கிடையாது. இருபது டன் இழுப்பும் கடைசியில் மரம் இரும்பைப் பிடித்திருக்கும் பிடியில்தான் நிற்கிறது.

அந்தப் பிடி எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 மி.மீ. பிரடை ஒரே ஒரு டிகிரி வழுக்கினால் கம்பி 0.06 மி.மீ. தளரும். தலைமுடியின் தடிமன் அவ்வளவுதான். ஆனால் அரை மீட்டர் நீள எஃகுக் கம்பிக்கு இது பெரிய விஷயம். இழுவிசை ஏறத்தாழ இரண்டு சதவீதம் குறையும். ஸ்வரம், பக்கத்துக் கட்டைக்கு உள்ள தூரத்தில் ஆறில் ஒரு பங்கு இறங்கிவிடும். சங்கீதம் தெரியாதவருக்கும் காது கூசும். எனவே நல்ல பியானோவில் 230 பிரடைகளும் மாதக்கணக்கில் ஒரு டிகிரிகூட அசையாமல் நிற்கின்றன. நூறு வருஷத்து மரப்பலகை காய்ந்து சுருங்கித் துளைகள் இளகியிருந்தால், இன்று சேர்த்த சுருதி நாளை இருக்காது.

இதைச் சோதிக்க, சுருதி சேர்க்கும் டியூனர் ஒரு பிரத்தியேகச் சாவியை மாட்டிப் பிரடையை மெல்லத் திருப்பிப் பார்ப்பார். கை எதிர்ப்பை உணர வேண்டும். வெண்ணெயில் கத்திபோலத் திரும்பினால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். சில பிரடைகள் மட்டும் தளர்ந்திருந்தால் வழி உண்டு: சற்றே தடித்த பிரடை போடலாம், அல்லது நீர்த்த சூப்பர் க்ளூ வகைப் பசையைத் துளையோரம் சொட்டவிட்டு மரத்தை இறுக்கலாம். முழுப் பலகையும் போயிருந்தால் அதை மாற்றும் செலவில் வேறொரு பியானோவே வாங்கிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. கிறீச்சிடும் கதவுக்கு எண்ணெய் விடும் பழக்கத்தில் பியானோவுக்குள்ளும் எண்ணெய் அடிக்காதீர்கள். அது மரத்துக்குள் ஊறிப் போனால் உராய்வு போய்விடும். உராய்வு போனால் பியானோவும் போயிற்று.

மரம் குடிக்கும் காற்று

வெட்டி நூறு வருஷம் ஆன மரமும் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கும். நீளவாக்கில் மரம் அதிகம் மாறாது. குறுக்குவாக்கில் உப்பும், சுருங்கும். கம்பிகளுக்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் மரத்தாலான ஒலிப்பலகை இருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமன், நடுவில் லேசான புடைப்பு. கம்பிகள் அதன் மேலுள்ள, குதிரை எனப்படும் மரத் தாங்கியை அழுத்திக்கொண்டு போகின்றன. கம்பி தனியாக அதிர்ந்தால் கொசுவின் சத்தம்தான். குதிரை வழியாக ஒலிப்பலகைக்கு இறங்கும்போதுதான் அது கூடத்தை நிரப்புகிறது.

மழைக்காலத்தில் ஒலிப்பலகை உப்பும். புடைப்பு கூடும். குதிரை கம்பிகளைத் தள்ளும். இழுவிசை ஏறிச் சுருதி உயரும். காய்ந்த காலத்தில் எல்லாம் தலைகீழ். நம் மிருதங்கமும் இப்படித்தான் வானிலைக்கு ஆடும். வித்வான் மேடையிலேயே கல்லால் தட்டிச் சேர்த்துக்கொள்கிறார். 230 கம்பிகளை அப்படித் தட்டிச் சேர்க்க முடியாது.

சென்னையின் நிரந்தரப் புழுக்கத்தைவிட மோசமானது ஏற்ற இறக்கம். பகலில் கடற்காற்று, இரவில் ஏசி, மறுபடி காலையில் திறந்த ஜன்னல் என்றால் மரம் தினமும் மூச்சு வாங்கும். அதனால்தான் ஏசி காற்று நேரே படும் இடத்திலும், வெயில் படும் சுவரோரத்திலும் பியானோவை வைக்கக் கூடாது.

பசைக்கும் இதே கதை. அந்தக் காலத்துப் பியானோக்கள், தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் விலங்குத்தோல் பசையால் ஒட்டப்பட்டவை. ஈரத்திலும் சூட்டிலும் வச்சிரம் இளகும். இதை அனுபவித்துத் தெரிந்துகொண்ட ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள், வெப்ப நாடுகளுக்கென்று பசையை மட்டும் நம்பாமல் இணைப்புகளில் திருகாணியும் பித்தளை ஆணியும் சேர்த்துப் பியானோக்களைச் செய்து அனுப்பினார்கள். பழைய பியானோவின் முதுகிலும் உள்ளேயும் அப்படிப்பட்ட ஆணித்தலைகள் தெரிந்தால் அது நம் ஊருக்கென்றே பிறந்தது. மதிப்புப் போட்டுப் பாருங்கள். உள்ளே ஒரு சின்னப் பல்பைக் கண்டால் சிரிக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஈரத்தை விரட்ட அதை எரியவிட்டிருப்பார்கள்.

ஒலிப்பலகையில் விரிசல் இருந்தால் பதற வேண்டாம். பின்பக்க விலாச்சட்டங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் விரிசலோடும் அது பாடும். குதிரையில் விரிசல் இருந்தால் யோசிக்க வேண்டும். கரையான் மண் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

விட்டுவிடத் தெரிந்த சுத்தியல்

பியானோவின் உண்மையான கண்டுபிடிப்பு கம்பியிலோ சட்டத்திலோ இல்லை. ஒரு கட்டையை மிக மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். சுத்தியல் கம்பியை நோக்கி நகரும், கிட்டே போகும், இரண்டு மூன்று மி.மீ. இருக்கும்போது சட்டென்று பின்வாங்கிவிடும். சத்தமே வராது. பழுதல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். சுத்தியல் கம்பியோடு ஒட்டி நின்றால் கம்பி அதிர முடியாது. அதனால் கடைசித் தருணத்தில் கட்டை சுத்தியலை விட்டுவிடுகிறது. மீதித் தூரத்தை அது எறிந்த கல்லைப்போலத் தானே பறந்து கடக்கிறது. கிறிஸ்டோஃபோரி கண்டுபிடித்தது இந்த விடுதலையைத்தான்.

விரல் கட்டையை 10 மி.மீ. அழுத்துகிறது, அதே நேரத்தில் சுத்தியல் 45 மி.மீ. பயணம் செய்கிறது. விரலின் வேகம் நாலைந்து மடங்காகிறது. இதற்காக ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் நெம்புகோல், ஸ்பிரிங், தோல்பட்டை, கம்பளித் துணி என்று பல பத்துத் துண்டுகள். மொத்தம் ஆயிரக்கணக்கில்.

நல்ல செய்தி என்னவென்றால், வாங்குபவரைப் பயமுறுத்தும் பல குறைகள் இங்கேதான் இருக்கின்றன. அவைதான் எளிதாகத் தீர்கின்றன. அழுத்திய கட்டை எழவில்லையா? ஈரத்தில் துணி உப்பியிருக்கும். கட்டைகள் ‘லொடலொட’ என்கின்றனவா? துணி தேய்ந்திருக்கும். அப்ரைட்டில் சுத்தியலை இழுத்துப் பிடிக்கும் நாடாக்கள் மட்கிப் போவது வழக்கம். புதிது போடுவது பொறுமை கேட்கும் வேலை, பெரிய வித்தை அல்ல. கம்பளி என்றால் அந்துப்பூச்சிக்கு விருந்து, எலிக்கு மெத்தை. எலியின் சிறுநீர் கம்பியைத் துருவாக்கும் என்பதால் அடிப்பகுதியை அவசியம் பாருங்கள்.

சுத்தியலின் தலையில் இறுக்கிய கம்பளி ஃபெல்ட் இருக்கும். அதற்கு ஒரு விசித்திரக் குணம்: மெல்லப் பட்டால் பஞ்சு, வேகமாகப் பட்டால் கல். அழுத்த அழுத்த அது மேலும் விறைக்கிறது. அதனால் பியானோவில் பலமாக அடிக்கும்போது சத்தம் கூடுவதோடு குரலே மாறுகிறது, கூர்மையாகிறது. பல ஆண்டு அடிவாங்கிய ஃபெல்டில் கம்பிகளின் தடம் பள்ளமாகப் பதிந்து கிடக்கும்; எப்படித் தொட்டாலும் கல்லாகத்தான் பேசும். உப்புத்தாளால் மேல்தோலை உரித்து, ஊசியால் பக்கவாட்டில் குத்தி நெகிழ்த்தினால் குரல் இளகும். அதிகம் குத்தினால் குரல் செத்துவிடும். அனுபவக் கைக்கு விட வேண்டிய வேலை.

தவிர்க்க வேண்டிய வகை ஒன்றும் உண்டு. பழைய ஆங்கிலேய அப்ரைட்டுகள் சிலவற்றில் ஒலியை அடக்கும் பட்டைகள் சுத்தியலுக்கு மேலே, வரிசைக் கம்பிகளின் பின்னால் இருக்கும். பார்க்கப் பறவைக்கூண்டு போலவே தெரியும். டியூனர்களும் அப்படித்தான் அழைக்கிறார்கள். கட்டையை விட்ட பிறகும் ஸ்வரம் முழுதாக அடங்காது; சீர்செய்வதும் தலைவலி.

ஐந்தரையிலிருந்து ஆறுக்கு

பல வருஷம் சுருதி சேர்க்காத பியானோ மெல்ல இறங்கிக்கொண்டே வரும். ஆறு கட்டையை அழுத்தினால் ஐந்தரைக் கட்டை பேசும். அரை ஸ்வரம்தானே என்று தோன்றும். இழுவிசை ஸ்வரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி மாறுவதால், 415 அதிர்விலிருந்து 440-க்கு ஏற்ற 12 சதவீதம் கூடுதல் விசை வேண்டும். 16 டன்னில் நிற்கும் கிழப் பியானோவின் மேல் இன்னும் இரண்டு டன்னை ஏற்றுகிறோம் என்று பொருள். துருப்பிடித்த கம்பி அறுந்து தெறிக்கும். தவிர, பத்தாவது கம்பியை இறுக்கும்போது முதல் கம்பி இறங்கும், சட்டமும் பலகையும் சற்று இணங்குவதால். எனவே டியூனர் இலக்கைத் தாண்டி ஏற்றுவார், பிறகு சரிசெய்வார், சில வாரம் கழித்து மறுபடி வருவார். மிகப் பழைய பியானோவை ஐந்தரையிலேயே விட்டுவிடுவதும் விவேகம்தான். தனியாக வாசித்து மகிழ அது போதும்.

சேர்க்கும் முறையிலும் ஒரு வினோதம். தம்புராவில் சட்ஜமும் பஞ்சமமும் துல்லியமாக 2-க்கு 3. பியானோவில் எல்லாக் கட்டையிலிருந்தும் பாட வேண்டும் என்பதால் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக்கினார்கள், பஞ்சமம் 1.5-க்குப் பதில் 1.4983 ஆயிற்று. ஆறு கட்டைக்கு மேலுள்ள பஞ்சமம் 660 ஆக வேண்டியது 659.26-இல் நிற்கும். இந்த இரண்டு கம்பிகளும் தம் ஸ்வரத்தோடு கூடவே எழுப்பும் மேற்சுரங்கள் மோதி, இரண்டு நொடிக்கு மூன்று முறை அலை அலையாக ஒலிக்கும். டியூனர் காதைச் சாய்த்து எண்ணிக்கொண்டிருப்பது அந்த அலைகளைத்தான். பியானோவை வேண்டுமென்றே, அளவாகப் பிசகவைப்பதே அவர் தொழில்.

ஸ்தாயிகூட அப்படியே. எஃகின் விறைப்பினால் கம்பியின் மேற்சுரங்கள் கணக்குக்குச் சற்று மேலே ஒலிக்கின்றன. 440 கம்பியின் இரட்டிப்பு 880-க்கு ஒரு துளி கூடுதல். அதற்கு இணங்கும்படி அடுத்த ஸ்தாயியையும் ஒரு துளி ஏற்ற வேண்டும். கீழே அதேபோல இறக்க வேண்டும். நல்ல டியூனர்களின் காதுகள் தாமாகவே இப்படிச் செய்துவந்ததை 1938-இல் ரெயில்ஸ்பேக் என்பவர் அளந்து காட்டினார்.

மூன்று கம்பிகள் ஒரே ஸ்வரத்துக்கு எதற்கு என்ற கேள்விக்கும் 1977-இல் கேப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் அழகான விளக்கம் தந்தார். சுத்தியல் பட்டவுடன் மூன்றும் சேர்ந்து அதிர்ந்து குதிரையை ஒரே பக்கம் தள்ளும். ஒலி பலமாக எழுந்து விரைவில் தேயும். மூன்றுக்கும் இடையே மயிரிழை வேற்றுமை இருப்பதால் சிறிது நேரத்தில் ஒன்றுக்கொன்று எதிராக ஆடத் தொடங்கும். குதிரையின் மேல் தள்ளல்கள் ஒன்றையொன்று அழிக்கும். ஆற்றல் வெளியேற வழியின்றி மெல்லக் கசியும். பியானோவின் ஸ்வரம் சட்டென்று எழுந்து, பிறகு நெடுநேரம் தொங்கிக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான்.

ஆக, பெரம்பூர் வீட்டுப் பியானோவுக்கு வருவோம். கீறல், மங்கிய வார்னிஷ், உடைந்த கட்டைத்தகடு, ஒட்டிக்கொள்ளும் கட்டை எதையும் பொருட்படுத்த வேண்டாம். பழைய வெள்ளைத் தகடுகளில் குறுக்கே மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால் அது யானைத்தந்தமாக இருக்கலாம். நம் நாட்டில் தந்த வணிகத்துக்குத் தடை இருப்பதால் கைமாற்றும் முன் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றபடி பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் பிரடை, பிறகு இரும்புச் சட்டம், பிறகு குதிரையும் ஒலிப்பலகையும், பிறகு சுத்தியல்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் பாலிஷ். விற்பவர்கள் காட்டும் வரிசை நேர் எதிராக இருக்கும்.

லாரிக்குச் சொல்வதற்கு முன் டியூனருக்குச் சொல்லுங்கள். அவர் ஒரு மணி நேரத்துக்கு வாங்கும் கூலி, நீங்கள் தப்பித்துக்கொள்ளும் செலவில் சிறு துண்டு. அவர் சரி என்றால் தயங்காமல் எடுத்துவாருங்கள். வந்த பிறகு சில வாரம் புது வீட்டின் காற்றைக் குடிக்கவிட்டு, அப்புறம் சுருதி சேருங்கள்.